கேட்டில் நிற்கும் லோரி, வீங்கும் டிரம்: டி.ஜி. சரக்கில் கோளாறு எங்கே என்று தேடும் முறை

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் ஃபோன் வரும். பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்துக்குப் போன லோரி கேட்டிலேயே நிற்கும். "அக்கா, பேப்பர்ல இருக்கிற நம்பரும் டிரம்முல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகலையாம். பேப்பர்ல மாத்தி அனுப்பிட்டீங்கன்னா உள்ள விட்டுடுவாங்க" என்பார் ஓட்டுநர். அவர் மேல் தப்பே இல்லை. வெயிலில் வரிசையில் காத்துக் கிடந்தவர் அவர். ஆனால் பேப்பரை மாற்றினால் டிரம்முக்குள் இருப்பது மாறிவிடாது.

பினாங்கில் டி.ஜி. எனப்படும் ஆபத்தான சரக்குகளின் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை தெரிய வந்த இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. தெரிய வருவது கேட்டில், கப்பல் தளத்தில், விமான நிலையத்து எடைமேடையில். பிறந்ததோ, சரக்குக்கு முதன்முதலில் யாரோ ஒரு பெயர் எழுதிய மேசையில். அதனால் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும்: லேபிளிலிருந்து டிரம்முக்கு, டிரம்மிலிருந்து அனுப்புபவர் கையெழுத்திடும் டிக்ளரேஷனுக்கு, டிக்ளரேஷனிலிருந்து எஸ்.டி.எஸ். என்கிற பாதுகாப்புத் தரவுத் தாளுக்கு. இரண்டு இடத்தில் எழுதியிருப்பது எங்கே முதலில் பிரிகிறதோ, அங்கேதான் கோளாறு. கீழே அந்த வரிசையில்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கசிவு, புகை, சூடு, வீக்கம், மூச்சுத்திணறல், இதில் ஏதாவது கண்ணில் பட்டால் பேப்பரைத் தேட வேண்டாம். ஆட்களை விலக்குங்கள், 999-ஐ அழையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

புக்கிங் திரும்பி வருகிறது: "பெயரும் எண்ணும் பொருந்தவில்லை"

அடிக்கடி வருவது இதுதான், மூலக் கோளாறும் பெரும்பாலும் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆபத்தான சரக்குகளை ஐ.நா. முறை ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கிறது. வெடிபொருள் 1, வாயு 2, தீப்பற்றும் திரவம் 3, தீப்பற்றும் திடப்பொருளும் தானாகப் பற்றுவதும் நீர் பட்டால் ஆபத்தாவதும் 4, ஆக்சிஜன் தந்து தீயை வளர்ப்பவை 5, நச்சும் நோய்க்கிருமியும் 6, கதிரியக்கம் 7, அரிப்பவை 8, இவற்றில் அடங்காதவை 9. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க யு.என். எண் உண்டு. பெட்ரோலுக்கு 1203, அசிட்டோனுக்கு 1090, பெயிண்டுக்கும் தின்னருக்கும் 1263. இந்த எண்ணோடு சேர்ந்து போவது முறையான கப்பல் பெயர். கடையில் கூப்பிடும் பெயரோ, டப்பாவில் அச்சடித்த வணிகப் பெயரோ டிக்ளரேஷனில் செல்லாது.

மாக் மண்டின் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையிலிருந்து "சுத்தம் செய்யும் திரவம்" என்று ஒரு புக்கிங் வந்தது. எஸ்.டி.எஸ்.-இன் 14-ஆம் பகுதியில், அதாவது போக்குவரத்துத் தகவல் இருக்க வேண்டிய இடத்தில், "கட்டுப்பாடு இல்லை" என்று ஒரே வரி. அதே தாளின் 9-ஆம் பகுதிக்குப் போனேன். ஃபிளாஷ் பாயிண்ட் 12 பாகை செல்சியஸ் என்று போட்டிருந்தது. ஒரு திரவத்தின் ஆவி, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயிண்ட். 60 பாகை வரை இருந்தால் மூன்றாம் வகுப்பு. 23-க்குக் கீழே இருந்து, கொதிநிலை 35-க்கு மேல் இருந்தால் பேக்கிங் குரூப் 2. பேக்கிங் குரூப் என்பது ஆபத்தின் அளவு: 1 மிக அதிகம், 3 குறைவு. பினாங்கில் விடியற்காலையில்கூட 12 பாகைக்கு இறங்குவதில்லை. அந்த டிரம்மைத் திறந்தால் எந்நேரமும் பற்றத் தயாராக இருக்கும் ஆவிதான் வெளியே வரும். விசாரித்ததில், வேறொரு பொருளின் தாளை எடுத்து மேலே பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். 9-ஆம் பகுதியை யாரோ சரியாக நிரப்பிவிட்டார், 14-ஐத் தொடவே இல்லை.

ஆகவே முதலில் 14-ஆம் பகுதியைப் படியுங்கள். உடனே 9-ஆம் பகுதியையும், கலவை விவரம் சொல்லும் 3-ஆம் பகுதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். தாளின் தேதியையும் பாருங்கள். மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு விதிமுறைப்படி எஸ்.டி.எஸ். 16 பகுதிகளோடு, மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குள் திருத்தப்பட வேண்டும். 2014 தேதியிட்ட தாளை இன்றும் நீட்டுகிறார்கள்.

செறிவு மாறினால் எண்ணே மாறும் என்பதை அனுபவம் உள்ளவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். கந்தக அமிலம் 51 சதவீதத்துக்கு மேல் என்றால் 1830. அதற்குக் கீழே, பேட்டரியில் ஊற்றும் அமிலம் உட்பட, 2796. ஹைட்ரஜன் பெராக்சைடு 20 முதல் 60 சதவீதம் வரை 2014, 8 முதல் 20-க்குள் 2984. நைட்ரிக் அமிலம் 65 சதவீதத்தைத் தொட்டால் அரிக்கும் குணத்தோடு 5.1, அதாவது தீயை வளர்க்கும் குணம் என்ற துணை ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். எண் 2031 அப்படியே இருக்கும், ஒட்ட வேண்டிய லேபிள் ஒன்றிலிருந்து இரண்டாகும். "போன தடவை இதே எண்தான் போட்டோம்" என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, போன தடவை எத்தனை சதவீதம் என்பதைத்தான்.

இன்னொரு குழப்பம் வேலையிட லேபிளால் வருகிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கட்டம் போட்ட சின்னங்கள், அந்த டிரம்மோடு புழங்கும் தொழிலாளிக்காக. வண்ண வைர வடிவ லேபிள், வழியில் கையாள்பவருக்காக. ஆச்சரியக்குறி சின்னத்தைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. தோல் எரிச்சலுக்காகப் போட்ட ஆச்சரியக்குறிக்குப் போக்குவரத்தில் வகுப்பே கிடையாது. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க வேண்டாம்.

சரி செய்யும்போது டிக்ளரேஷனில் யு.என். எண், முறையான பெயர், வகுப்பு, துணை ஆபத்து, பேக்கிங் குரூப் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கப்பலில் போகும் மூன்றாம் வகுப்பு என்றால் ஃபிளாஷ் பாயிண்டும் வேண்டும். "வேறிடத்தில் குறிப்பிடப்படாதது" என்ற பொதுப் பெயரில் போனால், உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். முக்கியமாக, வகைப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டியவர் சரக்கை அனுப்புபவர். சரக்கை ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்யும் எங்களைப் போன்ற ஃபோர்வர்டர்கள் கேள்வி கேட்கலாம், திருப்பி அனுப்பலாம். அனுப்புபவருக்குப் பதிலாக வகுப்பை ஊகித்து நிரப்பக் கூடாது.

"எல்லாம் எட்டாம் வகுப்புதானே, ஏன் சேர்த்து ஏற்றக் கூடாது?"

பத்து ஃபெரிங்கி என்ற கடலோர ஊரின் ஹோட்டல்களுக்கு நீச்சல்குளச் சாமான் கொண்டுபோகும் லோரிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1789, எட்டாம் வகுப்பு. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 1791, அதுவும் எட்டாம் வகுப்பு. இரண்டிலும் ஒரே கறுப்பு வெள்ளை லேபிள். பார்ப்பவருக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கடல்வழி ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.எம்.டி.ஜி. விதிநூல் இதற்காகவே அமிலங்கள், காரங்கள், ஹைப்போகுளோரைட்டுகள், சயனைடுகள் என்று தனிக் குழுக்களை வைத்திருக்கிறது. லேபிள் ஒன்றாக இருந்தாலும் குழு வேறென்றால் விலக்கி வைக்க வேண்டும். எனவே உங்கள் புக்கிங் இந்தக் காரணத்தால் திரும்பினால் வகுப்பு அட்டவணையோடு நிறுத்தாதீர்கள். விதிநூலின் பொருள் பட்டியலில் அந்தந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பிரித்து வைக்கும் குறிப்பையும் படியுங்கள். உள்ளூர் லோரிக்கும் நான் இதையேதான் சொல்வேன். கடல் விதி தரையில் கட்டுப்படுத்தாவிட்டாலும், தெலுக் பஹாங் மலை வளைவுகளில் இரண்டு கேன் சரிந்து உடைந்தால் ஓட்டுநருக்குத் தப்பி ஓட இடமில்லை. இரண்டு தடவை போய் வாருங்கள்.

டிரம் வீங்குகிறது

ஒரு கிடங்கில் வெள்ளிக்கிழமை பிற்பகல். 25 லிட்டர் நீலக் கேன்கள், நான்கு அடுக்கு, பேலட்டில் சுற்றிய பிளாஸ்டிக் தாளோடு. இரண்டாம் அடுக்கில் ஒரு கேன் மட்டும் வயிறு தள்ளி, பக்கத்துக் கேனை அழுத்திக்கொண்டிருந்தது. அடிப்பாகம் உருண்டு போனதால் மேலே இருந்த இரண்டு அடுக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. கிட்டே போனால் மூடியிலிருந்து மெல்லிய சீறல். உள்ளே சோடியம் ஹைப்போகுளோரைட்.

இந்தக் கரைசல் தானாகவே சிறிது சிறிதாகச் சிதையும், ஆக்சிஜன் வாயு வெளியேறும். வெயில், சூடு, இரும்பு, செம்பு, நிக்கல் போன்ற உலோகத் துகள்கள் சேர்ந்தால் வேகம் கூடும். அதற்காகத்தான் இதன் கேன்களுக்கு வாயு போக வழிவிடும் மூடி போடுகிறார்கள். அந்தக் கிடங்கில் நடந்தது என்ன? வாசனை வருகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் புகார் சொன்னதும், நல்ல எண்ணத்தோடுதான் ஒருவர், பழைய மூடிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண மூடிகளை இறுக்கியிருக்கிறார். வாசனை நின்றது. வாயு நிற்கவில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் இதே குணம். அதன் கேனில் துரு விழுந்தாலோ, வேறு எதற்கோ பயன்படுத்திய புனலால் ஊற்றியிருந்தாலோ போதும்.

வீங்கிய டிரம்மைப் பார்த்தால் மூடியைத் திறக்காதீர்கள், இறுக்கவும் வேண்டாம். உருட்டாதீர்கள், ஃபோர்க்லிஃப்டால் தூக்காதீர்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்தி, 999-ஐ அழைத்து, கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். தொடாமலே தூரத்திலிருந்து சூட்டை உணர முடிந்தாலோ வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, பொம்பா என்கிற தீயணைப்புத் துறையின் ஆபத்துப் பொருள் பிரிவுக்குத்தான் அது வேலை, உங்களுக்கல்ல. நிலைமை அடங்கிய பிறகு காரணத்தைத் தேடுங்கள்: மூடி சரியான மூடிதானா, கேன் எத்தனை நாள் வெயிலில் இருந்தது, மறுபடி நிரப்பிய கேனா, அதில் முன்பு என்ன இருந்தது.

கரைப்பான் டிரம் வீங்குவதற்குக் காரணம் வேறு. அங்கே சிதைவு இல்லை, சூட்டில் திரவம் விரிகிறது. 55 பாகையிலும் டிரம் முழுக்க நிரம்பிவிடாத அளவுக்கு மேலே வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. கழுத்துவரை ஊற்றியவர் அதை மறந்துவிட்டார். எந்த வகை வீக்கம் என்று தெரியாதவரை மோசமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வாயு வெளியேற்றும் மூடி போட்ட கேன்கள் விமானத்தில் போகா. "அவசரம், விமானத்தில் அனுப்பு" என்று கடைசி நேரத்தில் மாற்றும்போது இது அடிபடும்.

டிரம் புத்தம் புதிது, ஆனாலும் தள்ளிவிட்டார்கள்

டிரம்மின் மேல் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வாக்குவாதம் குறையும். ஒரு வட்டத்துக்குள் ஐ.நா. குறி, பிறகு "1ஏ1" போல வகை. 1 என்றால் டிரம், 3 என்றால் ஜெர்ரிகேன், 4 என்றால் பெட்டி. ஏ எஃகு, எச் பிளாஸ்டிக், ஜி அட்டை. அடுத்த எழுத்து எக்ஸ் என்றால் மூன்று பேக்கிங் குரூப்புக்கும் ஆகும், ஒய் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், இஸட் மூன்றாவதுக்கு மட்டும். அதை ஒட்டி வரும் எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. திரவ டிரம்மில் அது அடர்த்தி. ஒய்1.4 என்று இருக்கும் கேனில் 98 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றினால், அதன் அடர்த்தி 1.84. கேன் அந்த எடைக்குச் சோதிக்கப்படவே இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எஸ் என்ற எழுத்து இருந்தால் அது திடப்பொருளுக்கோ உள்ளே வேறு பாத்திரங்களை வைப்பதற்கோ ஆனது, திரவத்தை நேரே அதில் ஊற்றி அனுப்ப முடியாது.

பிளாஸ்டிக் டிரம்முக்கும் ஜெர்ரிகேனுக்கும் தயாரித்த நாளிலிருந்து பொதுவாக ஐந்து வருடம்தான் ஆயுள். உடம்பில் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் பதித்திருக்கும், அம்பு மாதத்தைக் காட்டும், நடுவில் வருடம். கழுவித் துடைத்துப் பளபளக்க வைத்தாலும் அந்த வட்டம் வயதைச் சொல்லிவிடும். ஆயிரம் லிட்டர் ஐ.பி.சி. தொட்டி என்றால் இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை செய்யும் பரிசோதனைத் தேதியையும் தேடுங்கள்.

லேபிள் உரிகிறது, பிளக்கார்டு பொருந்தவில்லை

சாதாரண ஸ்டிக்கர் தாளில் அச்சடித்தால் பட்டர்வொர்த் மழை ஒன்றே போதும். கடல்வழிக்கு லேபிளும் அதிலுள்ள எழுத்தும் குறைந்தது மூன்று மாதம் கடல்நீரில் மூழ்கிக் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். பொட்டலத்துக்கு 100 மில்லிமீட்டர் பக்கமுள்ள லேபிள், கன்டெய்னருக்கு நான்கு பக்கமும் 250 மில்லிமீட்டர் பிளக்கார்டு. ஒரே எண்ணுள்ள சரக்கு மட்டும் 4,000 கிலோவுக்கு மேல் இருந்தால் யு.என். எண்ணும் வெளியே தெரிய வேண்டும். முந்தைய பயணத்தின் பிளக்கார்டு கிழிக்கப்படாமல் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அது சரிதான். தீ அணைக்க வருபவர் அதை நம்பித்தான் தண்ணீரா நுரையா என்று முடிவெடுக்கிறார்.

கன்டெய்னர் கதவடியில் சொட்டுகிறது

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது நினைவிருக்கும். கப்பலில் நைட்ரிக் அமிலம் ஏற்றிய ஒரு கன்டெய்னர் கசிவது முன்னமே தெரிந்திருந்தது. வழியில் இரண்டு துறைமுகங்களில் அதை இறக்க முடியாமல் போனது. மே 20 தீப்பிடித்து, ஜூன் 2 மூழ்கத் தொடங்கியது. இலங்கையின் மேற்குக் கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. கசியும் சரக்கைக் கடலில் ஏற்றிவிட்டால் பிறகு அதை ஏற்றுக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். சொட்டும் கன்டெய்னர் கேட்டைத் தாண்டக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

சொட்டுவதைப் பார்த்தால் விரலால் தொட்டுப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் நம்மவர்களிடம் உள்ள பழக்கம். தயவு செய்து வேண்டாம். காற்று வரும் திசையில் போய் நில்லுங்கள், டிக்ளரேஷனைக் கையில் எடுங்கள், எண்ணைச் சொல்லி உதவி கேளுங்கள்.

இரண்டு பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நைட்ரிக் அமிலம் சிந்தினால் பட்டறைகளில் எண்ணெய்க்குப் போடுவது போல மரத்தூளை அள்ளிப் போட்டுவிடுவார்கள். செறிந்த நைட்ரிக் அமிலம் மரத்தூளைப் பற்ற வைக்கும், பழுப்புப் புகை வரும். அந்தப் புகை நுரையீரலைச் சில மணி நேரம் கழித்தும் தாக்கலாம், அதனால் "ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டுக்குப் போக விடாதீர்கள். உலர்ந்த மணல் போன்ற எரியாத பொருளைத்தான் போட வேண்டும்.

அடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், எண் 1790. எட்டாம் வகுப்பு, துணை ஆபத்து 6.1, அதாவது நச்சு. பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்த ஊர் இது. சில்லுகளை அரிக்க இந்த அமிலம் வேண்டும், ஆகவே நம் சாலைகளில் ஓடுகிறது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே இருக்கலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் வரை பாதிக்கும். பட்ட இடத்தை உடனே நிறைய நீரில் கழுவி, துணியை அகற்றி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே இறங்கியதும் முதல் வாக்கியமாக அமிலத்தின் பெயரைச் சொல்லுங்கள். இந்தச் சரக்கை ஏற்றும் லோரியில் அந்தக் களிம்பு இல்லையென்றால் நான் புறப்பட விடுவதில்லை. எந்த நச்சுக்கும் ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதன் எண்ணை இன்றே ஃபோனில் பதிந்து வையுங்கள்.

விமான நிலையத்தில் பேட்டரிப் பெட்டி திரும்பியது

பவர் பேங்க் அனுப்புகிறவர்கள் அதைக் "கருவிக்குள் இருக்கும் பேட்டரி" என்று 3481-இல் போடுகிறார்கள். பவர் பேங்க் கருவியல்ல, அதுவே பேட்டரி. எண் 3480. இந்த ஒரு மாற்றத்தால் எல்லாமே மாறும். 2016 ஏப்ரல் 1 முதல் தனியாகப் போகும் லித்தியம் அயன் பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது. சரக்கு விமானம் மட்டும், அதிலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. 2010 செப்டம்பரில் துபாயில் ஒரு சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். தீ தொடங்கியது லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில். சார்ஜ் குறைவாக இருந்தால் ஒரு செல் கெட்டாலும் அடுத்ததுக்குப் பரவும் வேகம் குறையும். விதிக்குப் பின்னால் இருக்கும் காரணம் அதுதான்.

வாட்-மணிக் கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 3.7 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 74. நூறைத் தாண்டினால் விதி கடுமையாகும். தாண்டாவிட்டாலும் ஐ.நா. சோதனைக் கையேட்டின் 38.3 சோதனையின் சுருக்க அறிக்கை வேண்டும், உற்பத்தியாளரிடம் கேட்டால் தர வேண்டியவர்தான். உப்பியது, நசுங்கியது, திரும்பப் பெறப்பட்டது எதுவும் விமானத்தில் ஏறவே ஏறாது. பழுது பார்க்கும் கடைகள் பழைய பேட்டரியைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பும்போது இதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

ஓட்டுநருக்குக் கொட்டாவி நிற்கவில்லை

பின்னால் உலர் பனிக்கட்டி போட்ட பெட்டிகளா என்று பாருங்கள். எண் 1845. ஒரு கிலோ உருகாமலே ஆவியாகி ஐந்நூறு லிட்டருக்கு மேல் கரியமில வாயு ஆகிறது. வாயு காற்றைவிடக் கனம், வேனின் தரையில் தேங்கி மேலே ஏறும். தலைவலி, வேகமான மூச்சு, மயக்கம். குளிர்சாதனத்தை உள்காற்றுச் சுழற்சியில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஓரமாக நிறுத்தி, கதவுகளைத் திறந்து, இறங்கி நிற்கச் சொல்லுங்கள். சரக்கறையும் ஓட்டுநர் அறையும் ஒன்றாக இருக்கும் சின்ன வேனில் இதை ஏற்றாதீர்கள்.

மரக்கரி: போன தடவை போனது, இந்தத் தடவை போகவில்லை

கோலா செபெத்தாங் சூளைகளிலிருந்து கரி வாங்கி ஜப்பானுக்கு அனுப்புகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். முன்பு தானாகச் சூடாகும் சோதனையில் தேறிய சான்றிதழைக் காட்டிச் சாதாரணச் சரக்காக அனுப்பினீர்கள். ஐ.எம்.டி.ஜி.-இன் 42-ஆம் திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதன்படி மரக்கரி 1361, வகுப்பு 4.2, பேக்கிங் குரூப் 3 என்றே போக வேண்டும். கூரையடியில், காற்றுப் படும்படி, மூட்டை கட்டாமல் 14 நாள் ஆறப்போட வேண்டும். மூட்டை கட்டும் நாளில் கரியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டக் கூடாது. கன்டெய்னரின் கூரைக்கும் மூட்டைக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். புதிய கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிச் சூடாகும். நெருக்கி அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நாலைந்து நாள் கழித்து நடுக்கடலில் புகையும். எனவே ஆர்டர் வந்த மறுநாளே கப்பல் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், சூளைக்காரரிடம் இரண்டு வாரம் முன்னதாகப் பேசி வையுங்கள்.

"காலி டிரம்தானே?"

கழுவிச் சுத்தமாக்காத காலி டிரம் நிறைந்த டிரம்மின் வகுப்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் டிரம் நிறைந்திருப்பதைவிடக் காலியாக, ஆவியோடு இருக்கும்போது வெட்டினால்தான் வெடிக்கும். ஆகவே லேபிளைக் கிழிக்காதீர்கள். வேதிப்பொருள் ஒட்டிய டிரம்மைத் தொழிற்சாலை கழிக்கும்போது அது எஸ்.டபிள்யூ. 409 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் கழிவு. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்க முடியாது, உரிமம் உள்ள வண்டியில்தான் போக வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் பத்து ரிங்கிட்டுக்குக் கொடுக்கிற டிரம் எங்கே போய்ச் சேர்கிறது தெரியுமா?

இரண்டு வருடம் முன்பு தைப்பூசத்துக்கு முந்தின நாள், தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பார்த்தேன். மோர் கரைக்க நான்கு நீல டிரம்கள். மூன்று, உணவுக்கென்றே வாங்கியவை. நான்காவதில் லேபிள் சுரண்டப்பட்டிருந்தது, ஆனால் ஒரு மூலையில் கறுப்பு வெள்ளை வைரத்தின் கீழ்ப்பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு. பந்தல் தலைவர் ஐயா நல்ல மனிதர், "மூணு தரம் சோப்பு போட்டுக் கழுவிட்டோம்மா" என்றார். பிளாஸ்டிக் தான் உறிஞ்சியதைச் சோப்புக்கு விட்டுக்கொடுக்காது என்று சொன்னதும், மறுபேச்சு பேசாமல் பையன்களைக் கூப்பிட்டு அதைக் கவிழ்க்கச் சொன்னார். உங்கள் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் கோயில் சமையற்கட்டிலும் நீல டிரம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். யு.என். குறியீடு பதித்திருந்து, அதில் முதலில் என்ன வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாவிட்டால், அதில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.